மாரடைப்புக்குப் பின் பெருத்த இடது இதயவறை: மருந்தா, பைபாஸா, சீரமைப்பா?

எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோருடைய கண்ணும் ஈ.எஃப் என்ற ஓர் எண்ணில் போய் நிற்கும்: அறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே போகிறது என்பது. 27 சதவீதம் என்று இருந்தால் மனது உடைந்துவிடும். ஆனால் சத்திரசிகிச்சை பற்றி முடிவெடுக்க அதைவிட உதவும் எண் வேறொன்று: இதயம் சுருங்கி முடித்த பிறகும் இடது இதயவறைக்குள் மிஞ்சி நிற்கும் இரத்தத்தின் அளவு. அறிக்கையில் அது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். இந்த ஒப்பீடு முழுக்க அந்த எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது.

இதை எழுதுவது ஒரு குறிப்பிட்ட நிலையில் இருப்பவர்களுக்காக. இதயத்தின் முன்சுவரில் பெரிய மாரடைப்பு வந்து போயிருக்கிறது. சில மாதமோ சில வருடமோ கழித்து, ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அன்ஜியோகிராமில் இரண்டு மூன்று குழாய்களில் அடைப்பு. "பைபாஸ் செய்யும்போதே கெட்டுப்போன பகுதியையும் மடித்துத் தைத்துவிடலாம்" என்று ஒரு வைத்தியர் சொல்கிறார். இதைத்தான் சீரமைப்பு என்கிறோம். "அது தேவையில்லை" என்கிறார் இன்னொருவர். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவருக்கும் பின்னால் ஆதாரம் இருக்கிறது.

அறை ஏன் பெருக்கிறது

ஆரோக்கியமான இடது இதயவறை வாழைப்பொத்தி போலக் கூம்பி இருக்கும். முன்சுவருக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுருநாடி அடைபட்டு அந்தத் தசை செத்ததும், அங்கே மெல்லிய தழும்பு உருவாகிறது. அது சுருங்காது. சில பேருக்கு அசையாமல் நிற்கும், சில பேருக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் வெளிப்புறம் பிதுங்கும். பிதுங்குவதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். அடித்த இரத்தத்தில் ஒரு பங்கு இந்தப் பைக்குள் போய்த் திரும்புகிறது. மிச்சமுள்ள நல்ல தசை அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறது, களைக்கிறது, அறை தோடம்பழம் போல உருண்டுவிடுகிறது. அறை அகலமானால் சுவரில் விழும் இழுவிசை கூடும், சுவர் மெலிந்தால் இன்னும் கூடும். இழுவிசை கூடினால் அறை மேலும் பெருக்கும். மைத்ரல் வால்வைத் தாங்கும் தசைத் தூண்கள் விலகிப்போய் வால்வும் கசியத் தொடங்கும்.

1987இல் நியூசிலாந்தில், மாரடைப்பு வந்த 605 ஆண்களைத் தொடர்ந்து பார்த்த வைத்தியர்கள், யார் பிழைப்பார் என்பதை ஈ.எஃபைவிடச் சுருங்கிய நிலைக் கொள்ளளவே, அதாவது மேலே சொன்ன மிஞ்சி நிற்கும் இரத்தமே, நன்றாகச் சொல்கிறது என்று காட்டினார்கள். அப்படியானால் அறையைச் சத்திரசிகிச்சையால் சிறிதாக்கினால் ஆயுளும் கூடவேண்டும் அல்லவா? முப்பது வருட வாதம் இந்தக் கேள்வியில் இருந்துதான் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்

உயரம் 165 சென்ரிமீற்றர், எடை 62 கிலோ உள்ள ஒருவர். இரண்டையும் பெருக்கி, 3600ஆல் பிரித்து, வர்க்கமூலம் எடுத்தால் உடல் மேற்பரப்பு 1.69 சதுர மீற்றர். எக்கோவில் விரிந்த நிலைக் கொள்ளளவு 205 மில்லிலீற்றர், சுருங்கிய நிலையில் 150. ஒரு துடிப்புக்கு வெளியே போவது 55. 55ஐ 205ஆல் பிரித்தால் ஈ.எஃப் 27 சதவீதம். மிஞ்சும் 150ஐ 1.69ஆல் பிரித்தால் சதுர மீற்றருக்கு 89 மில்லிலீற்றர். இந்த 89தான் நாம் தேடும் எண்.

இப்போது சீரமைப்பு செய்து தழும்புப் பகுதியில் 65 மில்லிலீற்றரைக் கழித்துவிட்டோம் என்று வையுங்கள். விரிந்த கொள்ளளவு 140. வெளியே போவது பழைய 55தான் என்றாலும் ஈ.எஃப் 39 சதவீதம் ஆகிவிடும்! எண் பன்னிரண்டு புள்ளி ஏறிவிட்டது, உடம்புக்குப் போகும் இரத்தம் ஒரு சொட்டும் கூடவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் "ஈ.எஃப் இவ்வளவு ஏறியது" என்று காட்டப்படும் படங்களைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மறக்கவேண்டாம். சுவரின் இழுவிசை குறைவது உண்மையான இலாபம். ஆனால் அறை சிறிதானால் அதை நிரப்பக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும், அந்த அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறும். இலாபமும் நட்டமும் ஒரே வெட்டில் வருகின்றன.

மேசையில் என்ன நடக்கிறது

வீங்கிய அறையின் பிதுங்கலை வெட்டி நேர்கோட்டில் தைப்பதை 1958இல் ஹூஸ்ரனில் டென்ரன் கூலி, இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு செய்தார். அது வெளிச்சுவரை மட்டும் சரிசெய்தது. இரண்டு அறைகளுக்கும் நடுவிலான சுவரில் இருக்கும் தழும்பு அப்படியே கிடந்தது. 1980களின் நடுவில் மொனாக்கோவில் வின்சென்ற் டோர் வேறு வழி கண்டார். உள்ளே இருந்து, வட்டமாக, நடுச்சுவரின் தழும்பையும் சேர்த்து வெளியேற்றுவது. இன்று சீரமைப்பு என்றால் பெரும்பாலும் இந்த டோர் முறைதான்.

நெஞ்செலும்பைப் பிளந்து, இயந்திரத்தில் போட்டு, முதலில் பைபாஸ் குழாய்கள் தைக்கப்படும். மார்பு உட்சுவர் நாடியை முன்பக்க முடியுருநாடிக்குத் தைப்பது, கீழே தழும்பாக இருந்தாலும், முக்கியம்; நடுச்சுவரின் மேற்பாதிக்கு அதுதான் உணவு. பிறகு அந்த முன்பக்க முடியுருநாடியில் இருந்து சுமார் இரண்டு சென்ரிமீற்றர் இடப்புறமாகத் தள்ளி, தழும்பின் நடுவே அறை திறக்கப்படும். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் ஒரு துணுக்கும் விடாமல் எடுக்கவேண்டும், விட்டால் பக்கவாதம். வெள்ளையாக வழுவழுவென்று இருக்கும் தழும்பும் சிவந்த தசையும் சந்திக்கும் எல்லையைக் கண்ணாலும் விரலாலும் தேடி, அந்த எல்லையைச் சுற்றிச் சுருக்குப்பை வாய்போல ஒரு நூல் ஓட்டப்படும். சதுர மீற்றருக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வரும்படி உப்புநீர் நிரப்பிய பலூனை உள்ளே வைத்து, அதன்மேல் நூலை இறுக்குவார்கள். மேலே சொன்னவருக்கு அது 85 முதல் 100 மில்லிலீற்றர். எஞ்சும் வாய் சிறிதாக இருந்தால் நேராகத் தைக்கலாம். மூன்று சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் டாக்ரோன் துணியோ மாட்டின் இதய உறையோ வைத்து மூடுவார்கள். மேலே தழும்புச் சுவரை மடித்துத் தைப்பது இரத்தக் கசிவைத் தடுக்க.

பிழைகள் பெரும்பாலும் இந்த நூலை இறுக்கும் இடத்தில்தான் நடக்கின்றன. அதிகம் இறுக்கினால் அறை மிகச் சிறிதாகி, நிரம்பாமல், தீவிரசிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தம் நிற்காது. குறைவாக இறுக்கினால் பைபாஸ் மட்டும் செய்த பலன்தான், ஆபத்து மட்டும் கூடுதல். நூல் தவறான கோணத்தில் போனால் கூம்பு வராது, சிறிய தோடம்பழமாகவே நிற்கும். வால்வுக் கசிவு கூடும். பலூன் வைக்காமல் கண்மதிப்பில் தைப்பவர்களும் உண்டு. அது கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

1990களில் பிரேசிலின் ரன்டாஸ் பற்றிஸ்ரா நல்ல தசையையே ஒரு பட்டையாக வெட்டி அறையைச் சிறிதாக்கினார். அது நிலைக்கவில்லை, கைவிடப்பட்டது. அந்தப் பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்கள் டோர் முறையை அதோடு குழப்பவேண்டாம். இங்கே மூடி ஒதுக்கப்படுவது தழும்பு.

நீண்டகால விளைவு என்ன சொல்கிறது

முதலில் வந்தவை நம்பிக்கை தந்த எண்கள். பல நாட்டு நிலையங்கள் சேர்ந்த ரெஸ்ரோர் குழு 1998 முதல் 2003 வரை 1198 பேருக்குச் செய்ததில், ஈ.எஃப் சராசரியாக 29.6இல் இருந்து 39.5க்கு ஏறியது (நமது கணக்கை நினைவில் வையுங்கள்). முதல் 30 நாள் இறப்பு 5.3 சதவீதம். ஐந்தாம் ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 68.6 சதவீதம். இத்தாலியின் சான் டொனாற்றோவில் மெனிக்காந்தியின் குழு காட்டிய பத்தாண்டு உயிர்வாழ்வு சுமார் 63 சதவீதம். இந்த நோயாளிகளுக்கு இவை நல்ல எண்கள்தான். ஆனால் எதிரே ஒப்பிட ஒரு குழு இல்லை. யாருக்குச் செய்வது என்று தேர்ந்தவர்களும் அந்த வைத்தியர்களே.

ஒப்பிட்டுப் பார்த்தது ஸ்ரிச் ஆய்வு. ஈ.எஃப் 35 அல்லது அதற்குக் கீழே உள்ள, முன்சுவர் கெட்டுப்போன 1000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 499 பேருக்குப் பைபாஸ் மட்டும், 501 பேருக்குப் பைபாஸும் சீரமைப்பும் செய்தார்கள். 2009இல் முடிவு வந்தது. சுருங்கிய நிலைக் கொள்ளளவு சீரமைப்புப் பக்கம் 19 சதவீதம் குறைந்தது, பைபாஸ் பக்கம் 6 சதவீதம். ஆனால் நடுவண் அளவாக 48 மாதம் தொடர்ந்தபோது, இறந்தவர்கள் இரண்டு பக்கமும் 28 சதவீதம். இறப்பு அல்லது இதயக் காரணத்தால் வைத்தியசாலையில் சேர்ந்தது பைபாஸ் பக்கம் 59, சீரமைப்புப் பக்கம் 58 சதவீதம். மூச்சிரைப்பு, நெஞ்சுவலி குறைந்ததும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. சீரமைப்புக்கு இயந்திரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.

அறை சிறிதானது, ஆயுள் நீளவில்லை. இதை மழுப்பக்கூடாது.

சீரமைப்பை ஆதரிப்பவர்கள் சொல்லும் பதிலையும் கேட்கவேண்டும். 19 சதவீதக் குறைப்பு போதாது, 30 எதிர்பார்க்கப்பட்டது என்கிறார்கள். பெரிய அனியூரிசம் உள்ளவர்களைச் சில வைத்தியர்கள் குலுக்கலுக்கே விட்டிருக்கமாட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். நமது உதாரணத்தில் 89ஐ 19 சதவீதம் குறைத்தால் 72, 30 சதவீதம் குறைத்தால் 62. இந்த இடைவெளி சின்னதல்ல. ஸ்ரிச் தரவுகளைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின் 70 அல்லது அதற்குக் கீழே வந்தவர்களிடம் சீரமைப்பு சேர்த்தவர்களின் உயிர்வாழ்வு மேலாக இருந்தது. பின்னோக்கிப் பார்க்கும் கணக்கு நிரூபணமாகாது. இருந்தாலும் ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதே 70ஐத்தான் எல்லையாக வைத்தது: அனுபவமுள்ள நிலையத்தில், குறிப்பாக 70க்குக் கீழே வரும் என்று முன்கூட்டியே சொல்லமுடிந்தால், யோசிக்கலாம்.

ஆகவே சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கேட்கவேண்டிய கேள்வி "ஈ.எஃப் எவ்வளவு ஏறும்?" என்பதல்ல. "இப்போது எத்தனை, முடிந்ததும் எத்தனை வரும் என்று கணக்கிட்டீர்கள், எதை வைத்து?" என்பது. பதில் கடோலினியம் என்ற ஊசி மருந்து ஏற்றி எடுத்த இதய எம்.ஆர்.ஐயில் இருந்து வந்தால் நம்பிக்கை வைக்கலாம். அதில் தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சுவரின் தடிப்பில் எத்தனை பங்கு செத்திருக்கிறது என்பது தெரியும். பாதிக்கு மேல் செத்த சுவர் பைபாஸால் மீள்வது அரிது. பாதிக்குக் குறைவு என்றால் அது உயிருள்ள தசை, அதை மடித்து ஒதுக்கக்கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் ஊசி மருந்துக்கு முன் கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) அளவைக் காட்டவேண்டும்.

பைபாஸ் மட்டும், அல்லது மருந்து மட்டும்

ஸ்ரிச்சின் மற்றப் பாதி இங்கே உதவுகிறது. 1212 பேரில் பைபாஸும் மருந்தும் ஒரு பக்கம், மருந்து மட்டும் மறுபக்கம். 2011இல் முதல் முடிவு வந்தபோது இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை. பத்தாண்டுத் தொடர்ச்சி 2016இல் வந்தபோது பைபாஸ் பக்கம் இறப்பு 58.9, மருந்துப் பக்கம் 66.1 சதவீதம். பைபாஸின் பலன் மெதுவாகத்தான் வெளியே வருகிறது. ஆகவே அறுபது வயதுக்காரருக்கும் எண்பதைத் தாண்டிய, சிறுநீரகமும் பலவீனமான ஒருவருக்கும் ஒரே பதில் சொல்லமுடியாது. பின்னவர் முதல் மாதத்தின் ஆபத்தைச் சுமந்துவிட்டு, எட்டாம் வருடத்துப் பலனைக் காணாமலே போகலாம். ஸ்ரென்ற் போட்டால் அதே பலன் கிடைக்குமா என்று பார்த்த ரிவைவ்ட் ஆய்வு, 700 பேரில், 2022இல், இல்லை என்றது.

இன்னொன்று. ஸ்ரிச் நோயாளிகள் சேர்க்கப்பட்டது 2000களின் தொடக்கத்தில். இன்று கையில் இருக்கும் மருந்துகளில் இரண்டு அப்போது இல்லை. சக்குபிற்றில்-வல்சாற்றன் 2014இலும், டபாகிளிஃப்ளோசின் 2019இலும் பெரிய ஆய்வுகளில் பலன் காட்டின. அவற்றோடு கார்விடிலோல் அல்லது பிசோப்புரலோல், ஸ்பைரோனோலக்ரோன் என்று நாலும் சேர்ந்தால், சில பேருக்கு அறை தானாகவே சிறிதாகிறது, கத்தி படாமல். அவசரமில்லாத நிலையில், நாலு மருந்தும் தாங்கக்கூடிய உச்ச அளவுக்கு ஏறி மூன்று மாதம் ஆன பிறகு எடுக்கும் எக்கோவை வைத்தே சீரமைப்பைப் பேசவேண்டும். இடது பிரதான முடியுருநாடியில் அடைப்பு, ஓய்விலும் நெஞ்சுவலி என்றால் காத்திருக்கக்கூடாது.

சீரமைப்பு எங்கே வெல்கிறது

வெளிப்புறம் பிதுங்கும் பெரிய அனியூரிசம், மருந்துக்கும் அடங்காத மூச்சிரைப்பு; உள்ளே பெரிய இரத்தக்கட்டி; தழும்பின் ஓரத்தில் இருந்து கிளம்பும் ஆபத்தான இதயத்துடிப்புக் கோளாறு. இவற்றில் ஏதாவது இருந்து, எப்படியும் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யத்தான் போகிறோம் என்றால், சீரமைப்பைச் சேர்ப்பது நியாயம். மற்ற இதயத்தசை நன்றாகச் சுருங்கவேண்டும். வலது இதயவறையும் தளர்ந்திருந்தால், நுரையீரல் நாடி அழுத்தம் மிக உயர்ந்திருந்தால், தழும்பு ஓரிடத்தில் இல்லாமல் எங்கும் பரவியிருந்தால் வேண்டாம். அசையாமல் மட்டும் நிற்கிற, பிதுங்காத சுவர் என்றால் பைபாஸோடு நிறுத்துவதே எங்கள் தீர்ப்பு.

"அனியூரிசம் வெடித்துவிடுமா" என்ற பயத்தில் கையெழுத்துப் போடவேண்டாம். பழைய, உண்மையான அனியூரிசம் வெடிப்பது அரிது. சுவர் கிழிந்து இதய உறை மட்டும் தடுத்து நிற்கும் போலி அனியூரிசம்தான் வெடிக்கும். அதற்கு அவசர சத்திரசிகிச்சை, விவாதமே இல்லை.

இவை எதற்கும் பிடிகொடுக்காத இதயத்துக்கு மாற்று இதயம் அல்லது இயந்திரப் பம்பி. இலங்கையின் முதல் இதய மாற்று 2017இல் கண்டியில் நடந்தது. சென்னைக்குப் போக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும்: தானமாகக் கிடைக்கும் இதயம் முதலில் இந்தியக் குடிமக்களுக்கே ஒதுக்கப்படும். ஹார்ட்மேற் 3 பம்பி பொருத்தியவர்களில் ஐந்தாண்டு கடந்தவர்கள் 58.4 சதவீதம், விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாது.

கொழும்பில் முடிவெடுக்கும்போது

தேசிய வைத்தியசாலையில் கட்டணம் இல்லை, ஆனால் வரிசை உண்டு. வரிசையில் நிற்கும் மாதங்களை மருந்தை ஏற்றும் மாதங்களாகப் பயன்படுத்துங்கள். தனியாரில் என்றால், மொத்தக் கட்டணத்துக்குள் இதய உறைத் துண்டு, பலூன் பம்பி (தளர்ந்த இதயத்துக்குத் துணையாகப் பெருநாடிக்குள் வைப்பது; அளவுப் பலூன் அல்ல), தீவிரசிகிச்சைப் பிரிவில் கூடுதல் நாட்கள் எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். சீரமைப்பு சேர்ந்தால் இந்த நாட்கள் கூடும் என்று ஸ்ரிச்சே காட்டியது. ஜனாதிபதி நிதியத்தின் உதவிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் திகதி குறிக்கப்படும் முன்பே ஆவணங்களைத் தொடங்குங்கள். பைபாஸ் நிறையச் செய்தவர் எல்லோரும் சீரமைப்பு நிறையச் செய்தவர் அல்லர். "இந்தச் சத்திரசிகிச்சை எத்தனை செய்திருக்கிறீர்கள், அளவுப் பலூன் வைப்பீர்களா?" என்று மரியாதையோடு கேட்பதில் தவறில்லை.

திகதி குறித்ததும்: க்ளோபிடோகிரல் வழக்கமாக ஐந்து நாளுக்கு முன் நிறுத்தப்படும், அஸ்பிரின் தொடரும். டபாகிளிஃப்ளோசினை மூன்று நாளுக்கு முன் நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் சீனி அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகும் ஆபத்து. இதைக் கிளினிக்கில் சொல்ல மறந்துவிடுவார்கள், நீங்கள் மறக்கவேண்டாம். எனாலாப்பிரிலில் இருந்து சக்குபிற்றில்-வல்சாற்றனுக்கு மாறுபவர் இடையில் 36 மணி நேரம் விடவேண்டும். விடாவிட்டால் நாக்கும் தொண்டையும் வீங்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு நெஞ்செலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. காலி வீதியில் முச்சக்கரவண்டியில் குலுங்கிப் போவதென்றால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலையும் சிறுநீர் கழித்த பின், சாப்பிடமுன், எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். அன்றே கிளினிக்குக்கு அழையுங்கள். மூச்சுத் திணறல் இரவில் எழுப்பினால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கருவாடு, மாசி, ஊறுகாய், பப்படம் நாலும் உப்பு. செவ்விளநீர் உடம்புக்கு நல்லது என்று தினமும் வாங்கிக் கொடுக்கும் அன்பான வீடுகள் இங்கே நிறைய. ஆனால் ஸ்பைரோனோலக்ரோன் எடுப்பவருக்கு அதன் பொற்றாசியம் இதயத்தையே நிறுத்தலாம். குளிசை தொடங்கி ஒரு வாரத்திலும் நாலாம் வாரத்திலும் பொற்றாசியமும் கிரியற்றினினும் பார்க்கவேண்டும். பொற்றாசியம் 5.5ஐத் தாண்டினால் அளவைப் பாதியாக்குவார்கள், 6ஐத் தாண்டினால் நிறுத்துவார்கள்.

நாலாம் மாதத்தில் எக்கோ, பிறகு வருடா வருடம், முடிந்தால் ஒரே இடத்தில். ஒவ்வொரு முறையும் அந்தச் சதுர மீற்றர் எண்ணைக் கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள். தைத்த அறை வருடங்களில் மீண்டும் பெருப்பது உண்டு. பைபாஸ் குழாய் மூடிப்போவதாலும், தொலைவில் உள்ள தசை தளர்வதாலும், வால்வுக் கசிவு திரும்புவதாலும் அது நடக்கிறது. ஐ.சி.டி கருவி (ஆபத்தான துடிப்புக் கோளாறை மின்னதிர்ச்சியால் நிறுத்த உடலுக்குள் பொருத்துவது) பற்றிய முடிவும் பைபாஸ் முடிந்து மூன்று மாதம் கழித்து வரும், ஈ.எஃப் 35 அல்லது அதற்குக் கீழே என்றால் பொருத்தச் சொல்வார்கள். சீரமைப்பு செய்தவருக்கு அந்த எண் கணக்கினாலேயே 39 ஆகியிருக்கலாம், ஆனால் துடிப்புக் கோளாறு கிளம்பும் தழும்பின் ஓரம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது. "எண் 35ஐத் தாண்டிவிட்டது, கருவி தேவையில்லை" என்று சொல்லப்பட்டால், சத்திரசிகிச்சைக்கு முன் மயக்கமோ படபடப்போ வந்திருந்தால் அதையும், ஹோல்டர் பதிவில் (உடம்பில் கட்டி நாள் முழுக்க எடுக்கும் ஈ.சி.ஜி) கண்டதையும் அந்த அறையிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.